காற்று ஒன்று, புத்தகம் ஐந்து: பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டமும் பாடநூலும் உருவாக்கும் வல்லுநர்கள், நூலாசிரியர்கள்,
கல்லூரிச் சாலை, சென்னை.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில், புள்ளியியலில், ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒரு பருவத்தில் 6 நாள் பெய்த மழையின் அளவு 17.8, 19.2, 16.3, 12.5, 12.8, 11.4 செ.மீ. இந்த அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்டவிலக்கம் காண வேண்டும். சராசரி சரியாக 15 வரும். விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, 6-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் விடை 2.9. பிள்ளைகள் நன்றாகவே போடுவார்கள்.

அந்த ஆறு எண்ணையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 90 செ.மீ. வருகிறது. தமிழ்நாட்டில் ஓர் ஆண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்யும் மழையே ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது ஒரு வருட மழை ஆறே நாளில்! ஒரு நாளில் 11.56 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் வானிலை ஆய்வு மையம் அதை மிகக் கனமழை என்கிறது. இந்த ஆறு நாளில் ஐந்து அப்படிப்பட்டவை. அது என்னவென்று எங்கள் டெல்டாப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். கலெக்டர் விடுமுறை விட்டிருப்பார், வாய்க்கால் எது வயல் எது என்று தெரியாது, அப்பா இரவெல்லாம் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பார். ஆனாலும் கணக்கு வகுப்பில் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து, "இவ்வளவு மழையா சார்?" என்று கேட்பதில்லை. மழை சமூக அறிவியலில் வருவது, இது கணக்கு என்று அவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்துபோயிருக்கிறது.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். அந்த எடுத்துக்காட்டில் பிழை எதுவும் இல்லை. ஐந்து பாடங்களும் ஒன்றையொன்று பார்க்காமல் எழுதப்படுவதால் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காற்றையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் இரண்டாம் இயலில் காற்று தன் கதையைத் தானே சொல்கிறது. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். ஹிப்பாலஸ் என்ற கிரேக்க மாலுமி பருவக்காற்றைப் பிடித்து நடுக்கடல் வழியே நேராக முசிறித் துறைமுகத்துக்கு வந்த செய்தியும் அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலப் புத்தகத்தில் ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்மரக் கப்பலில் உலகைச் சுற்றி வந்த ஆறு கடற்படைப் பெண் அதிகாரிகளின் பாடம். லெப்டினன்ட் கமாண்டர் வர்த்திகா ஜோஷி தலைமையில் 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து கிளம்பி, 2018 மே மாதம் திரும்பினார்கள். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி இருந்தாலும் ஹிப்பாலஸும் தாரிணியும் நம்பியது அதே காற்றைத்தான்.

சமூக அறிவியலில் அந்தக் காற்றுக்குக் காரணம் சொல்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது, நாம் மழை மறைவுப் பகுதியில் நிற்கிறோம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் நமக்கு ஆண்டு மழையில் பாதியளவைத் தருகிறது. அறிவியலில் வெப்ப இயற்பியல் என்று ஒரு பாடம். அழுத்தம் மாறாமல் இருந்தால் வாயு சூடாகச் சூடாக விரியும் என்கிறது சார்லஸ் விதி. கோடையில் நிலம் காய்ந்து, மேலே இருக்கும் காற்று விரிந்து எழும்ப, கடல் காற்று அந்த இடத்துக்கு ஓடி வருவதற்கு இதுதானே அடிப்படை? ஆனால் அந்த விதியை நடத்தும் வகுப்பில் பருவக்காற்று என்ற பேச்சே எழுவதில்லை.

கணக்கில் திட்டவிலக்கத்துக்கு அடுத்து மாறுபாட்டுக் கெழு வருகிறது. சராசரி எவ்வளவு என்பதோடு நிற்காமல், அந்தச் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் அளவு அது. இந்த மாநிலத்து விவசாயிக்கு இதைவிட அவசியமான கணக்கு எது என்று எனக்குத் தெரியவில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை பொய்த்து, எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக 2017 ஜனவரியில் அரசு அறிவித்தது. இரண்டு ஆண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துவிட்டு, பரவாயில்லையே என்று சொல்லிவிட முடியுமா? மாறுபாட்டுக் கெழு எதற்கு என்று புரியவைக்க இந்த ஒரு கேள்வி போதும்.

ஐந்து புத்தகத்திலும் சரக்கு இருக்கிறது. தமிழ்ப் பாடம் ஜூலையில் முடிந்துவிடும். புவியியல் அதன் போக்கில் நடக்கும். புள்ளியியல் கணக்கில் கடைசி என்பதால், அதைத் தொடும்போது அரையாண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும், வெளியே மழையும் ஓயும் நேரமாகியிருக்கும். இத்தனையும் ஒரே காற்று, ஒரே மழை என்று சொல்ல ஐந்து ஆசிரியரில் யாருக்கும் பாடவேளை இல்லை.

இது காற்றோடு முடியும் விஷயமும் இல்லை. ஹிரோஷிமா வரலாற்றில் ஒரு வரி, அணுக்கருப் பிளவு இயற்பியலில் ஒரு பாடம், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே வாரத்தில் படித்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. மின்னோட்டவியலில் கிலோவாட் மணி படிக்கிறார்கள், வீட்டில் மின்கட்டண அட்டை கிடக்கிறது, முதல் 100 யூனிட் இலவசம் போக மீதிக்கு எப்படிக் கட்டணம் ஏறுகிறது என்பது சுத்தமான கணக்கு. அதையும் யாரும் சேர்த்து வைப்பதில்லை.

சேர்த்து வைத்தால் என்ன நடக்கும் என்று ஒரு முறை நேரில் பார்த்தேன். மேட்டூர் அணை திறந்த வாரம். அளவியல் பகுதியில் குழாய் வழியே நீர் பாய்ந்து தொட்டி நிரம்பும் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி எழுந்து, "சார், 12,000 கன அடி திறந்திருக்காங்கன்னு நியூஸ்ல சொன்னாங்க. அது ஒரு நாளைக்கு எத்தனை டி.எம்.சி.?" என்று கேட்டாள். தொட்டியை விட்டுவிட்டு அதைப் போட்டோம். விநாடிக்கு 12,000 கன அடி, ஒரு நாளுக்கு 86,400 விநாடி, பெருக்கினால் 103 கோடியே 68 லட்சம் கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஆக, நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி.யும் கொஞ்சமும்.

வகுப்பு அதோடு விடவில்லை. காவிரியில் கர்நாடகம் ஆண்டுக்கு நமக்கு எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி.யைப் பலகையில் எழுதினேன். இதே வேகத்தில் விட்டால் எத்தனை நாள் வரும்? 171 நாள். ஜூன் 12-இல் தொடங்கினால் நவம்பர் கடைசி. போகிற வழியில் குறைவது, குடிநீருக்கு எடுப்பது எல்லாம் தனி, இது தோராயக் கணக்குதான் என்று சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்போ சம்பா அறுப்பு வரைக்கும் பத்தாதே சார்" என்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன், "அதுக்குத்தாண்டா ஐப்பசி, கார்த்திகை மழை" என்றான். சம்பா அறுப்பைச் சொன்னவன் கணக்கில் 35 எடுக்கவே திணறும் பையன். ஆற்று நீர் எவ்வளவு, மழை நீர் எவ்வளவு, பயிருக்கு எது எப்போது வேண்டும் என்று அந்த ஒரு பாடவேளையில் வகுப்பே பேசியது. புவியியல், குடிமையியல், கணக்கு மூன்றும் அதில் இருந்தன. மறுநாள் வழக்கம்போல் போர்ஷனுக்குத் திரும்பிவிட்டோம். சமூக அறிவியலில் மட்டும் 27 அலகு இருக்கிறது. எந்த ஆசிரியரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2018, 2019-இல் வந்த இந்தப் புத்தகங்களை நான் மதிக்கிறேன். அதற்கு முன்பு இருந்தவற்றைக் கையில் வைத்துப் பாடம் நடத்தியவர்களுக்கு வித்தியாசம் தெரியும். தமிழ்ப் புத்தகம் செயற்கை நுண்ணறிவு வரை பேசுகிறது. எல்லை தாண்டிப் பார்ப்பதில் அதுதான் முன்னால் நிற்கிறது. கணக்குப் புத்தகம்தான் மிகத் தனியாக நிற்கிறது. பாடத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு காலக்கெடு என்று வேலை நடந்தால் வேறு எப்படி வரும்? இரண்டாம் வகுப்பு வரை சூழ்நிலையியல் என்று ஒன்றாக இருப்பது, மூன்றாம் வகுப்பிலேயே அறிவியல், சமூக அறிவியல் என்று பிரிந்துவிடுகிறது. அப்புறம் அவை சேரவே இல்லை.

பத்தாம் வகுப்பைப் பிடித்துக்கொண்டு பேசக் காரணம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பாடமும் படிக்கும் கடைசி ஆண்டு அதுதான். அடுத்த ஆண்டு வணிகவியல் குரூப் எடுத்த பிள்ளைக்கு அறிவியல் இல்லை. உயிரியல் எடுத்த பிள்ளைக்கு வரலாறு இல்லை. ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்கிற்கும் போகிற பிள்ளை அதோடு வேறு உலகத்துக்குப் போய்விடுகிறது. பள்ளியில் படித்ததெல்லாம் ஒரே உலகத்தைப் பற்றித்தான் என்று அந்தப் பிள்ளைக்கு அதன் பிறகு யார் சொல்வார்கள்?

வாசிக்கவே தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்களே, முதலில் அடிப்படையைப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் சம்பா அறுப்பைச் சொன்ன பையனை நினைத்துப் பாருங்கள். அவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்து கணக்கு தொடங்கியதால்தான் அவன் வாய் திறந்தான். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குத்தான் இந்த இணைப்பு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமும் இல்லை, நமக்குப் புதிதும் இல்லை. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, ஒரு கைத்தொழிலைச் சுற்றியே எல்லாப் பாடத்தையும் கற்றுக்கொடுக்கச் சொன்னது. சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் அந்த வழியில் எழுந்தது. பின்லாந்து 2016 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பாடத்திட்டத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பல பாடங்கள் சேர்ந்த கற்றல் கட்டாயம். நமக்கு அந்த அளவுக்குக்கூட உடனே வேண்டாம்.

அடுத்த முறை பாடநூல் எழுத உட்காரும்போது, ஒரு வகுப்புக்கு எழுதும் ஐந்து குழுக்களும் முதல் வாரமாவது ஒரே மேசையில் உட்கார வேண்டும். எந்தப் பொருள் எந்தப் புத்தகத்தில், எந்த மாதத்தில் வருகிறது என்று ஒரே தாளில் அட்டவணை போட வேண்டும். அந்தத் தாளைப் புத்தகத்தோடு சேர்த்து ஆசிரியர்களுக்கும் கொடுங்கள். புள்ளியியலை அக்டோபர், நவம்பருக்குக் கொண்டுவாருங்கள். மழைக் கணக்கில் ஊர் பெயர் போடுங்கள், ஆண்டு போடுங்கள். நாகப்பட்டினத்துக்கும் கோயம்புத்தூருக்கும் பத்தாண்டு மழையளவைக் கொடுத்து, எங்கே மழையை அதிகம் நம்பலாம் என்று கேளுங்கள். மாதத்துக்கு இரண்டு பாடவேளை, இரண்டு ஆசிரியர் சேர்ந்து எடுக்கக் கால அட்டவணையிலேயே இடம் விடுங்கள்.

இதற்காக இன்னொரு பதிவேடு மட்டும் வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்குச் செயல்பாடு என்று கொண்டுவந்தது நல்ல நோக்கத்தோடுதான். பல இடங்களில் அது ஸ்டேஷனரி கடையில் சார்ட் வாங்கி, படம் ஒட்டி, பீரோ மேல் அடுக்கும் வேலையாகச் சுருங்கிவிட்டது. கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவேற்ற ஒரு போட்டோ எடுப்பதோடு முடிந்துபோகும் செயல்பாடாக இதையும் ஆக்கிவிடாதீர்கள்.

அப்புறம், பொதுத்தேர்வு. அதில் வராததை மார்ச் நெருங்கும்போது யாரும் நடத்த மாட்டார்கள், இதுதான் நடைமுறை. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. தேர்வை மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சான்று. பத்தாம் வகுப்பின் ஒவ்வொரு வினாத்தாளிலும் ஒரே ஒரு வினா, ஐந்து மதிப்பெண் போதும், இன்னொரு பாடத்தில் படித்ததையும் கொண்டுவந்து விடை எழுத வேண்டியதாக இருக்கட்டும். சமூக அறிவியல் தாளில் ஒரு மழை அட்டவணையும் மாறுபாட்டுக் கெழுவும், அறிவியல் தாளில் ஒரு மின்கட்டண அட்டையும் வரட்டும். முதல் இரண்டு ஆண்டு அதை விருப்ப வினாவாக வையுங்கள். பிள்ளைகளும் ஆசிரியர்களும் பழகிக்கொள்ளட்டும்.

எங்கள் பள்ளியில் ஐந்து பாட ஆசிரியர்களும் உட்கார்ந்து பத்தாம் வகுப்புக்கு அப்படி ஓர் அட்டவணையைப் போடத் தொடங்கியிருக்கிறோம். காற்று, காவிரி, மின்சாரம் மூன்றும் முடிந்துவிட்டன. நோய்கள் பற்றிய பாடத்தைக் கணக்கோடும் பொருளியலோடும் எங்கே சேர்ப்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். முடிந்ததும் உங்களுக்கு அனுப்புகிறோம். குறை இருந்தால் திருத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
திருவாரூர் மாவட்டம்.