கீமோவில் சதை கரைகிறதா? கசாயத்தோடு வரும் பத்தியத்தையும் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றுபவர்களுக்குச் சதை வைக்கும் என்று சொல்லி அமுக்கராச் சூரணமும் சீந்தில் கசாயமும் வாழைச்சேனை முதல் அக்கரைப்பற்று வரை கைமாறுகின்றன. கொடுப்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள். ஆனால் கீமோவில் கரைந்த தசையை மீட்டுத் தரும் என்று பெரிய மனித ஆய்வுகளில் நிரூபணமான மூலிகை இன்றுவரை ஒன்றுமில்லை.

தசை கரைவதற்குக் காரணம் ஒன்றல்ல. நோயின் அழற்சி உடம்பைத் தன் தசையையே உடைக்க வைக்கிறது. சிஸ்பிளாட்டின், டொக்சோரூபிசின் போன்ற மருந்துகள் தசையை நேரடியாகவும் தாக்கும். சத்தியை (வாந்தியை) அடக்கக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் தொடர்ந்து போனால் தொடைத் தசையை மெலிய வைக்கும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழும்ப முடியாமற் போவது அதனால்தான். இதற்கு மேல் சாப்பாடும் குறைந்து, ஆளும் படுக்கையில் கிடந்தால் சொல்லவே வேண்டாம்.

அமுக்கராவுக்குத் தசை பெருக்கும் பெயர் வந்தது, உடற்பயிற்சி செய்த ஆரோக்கியமான இளைஞர்களிடம் நடந்த ஆய்வுகளால். கீமோ உடம்பு வேறு. அமுக்கரா சிலருக்கு ஈரலைப் பாதித்திருக்கிறது. தைரொயிட் சுரப்பையும் கூட்டக்கூடும், அது மிஞ்சினால் தசை இன்னும் மெலியும். சீந்திலால் ஈரல் கெட்டவர்களைப் பற்றி 2021 இல் மும்பை வைத்தியர்களும் பதிவு செய்தார்கள். பக்லிடக்செல், டொக்சோரூபிசின் போன்றவற்றை உடம்பிலிருந்து கழிப்பது ஈரல்தான். இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகளின் அளவு ஏறினால், அது கீமோவாலா சூரணத்தாலா என்று வைத்தியருக்குத் தெரியாது. அடுத்த ஊசி தள்ளிப்போகும். கறிக்குப் போடும் மஞ்சளால் பிரச்சினையில்லை. மிளகுச் சத்துச் சேர்த்த மஞ்சள் குளிசை வேறு கதை, அதைத் தவிருங்கள். சிஸ்பிளாட்டின் ஏற்றுபவர்கள் காமரங்காய், பிலிங்காய்ச் சாறு பக்கம் போகவே கூடாது: இரண்டிலும் உள்ள ஒக்சலேற்று சிறுநீரகத்தை அடிக்கும்.

இவ்வளவும் ஒரு பக்கம். கசாயத்தோடு சேர்ந்து வரும் பத்தியம்தான் எங்கள் பகுதியில் அதிகம் கெடுக்கிறது. கிரந்தி (புண்ணையும் சொறியையும் கூட்டும் உணவு) என்று முட்டை, மீன், இறால் எல்லாம் நிறுத்தி, ஆளுக்குச் சோற்றுக் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுக்கிறார்கள். புற்றுநோயாளிக்கு நாளொன்றுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 60 கிராம் என்று வையுங்கள். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் 20. பத்தியம் ஒரே வெட்டில் பாதிக்கு மேல் எடுத்துவிடுகிறது. (சிறுநீரக வருத்தம் இருப்பவர்கள் மட்டும் அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும்.)

மூலிகைதான் வேண்டுமென்றால் இலைக்கஞ்சியாகக் கொடுங்கள், ஆனால் வெறும் அரிசியில் அல்ல. 40 கிராம் பயறை வறுத்து முதலில் மசிய அவிக்கவும். பிறகு 50 கிராம் சிவப்புப் பச்சரிசி. அரிசி குழைந்ததும் ஒரு பிடி முருங்கையிலையோ வல்லாரையோ அரைத்து ஊற்றி, ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விடவும். இறக்கிய பின் 25 கிராம் பால்மாவை இளஞ்சூட்டு நீரில் கரைத்துச் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 20 கிராம் புரதம். பச்சைச் சாற்றைக் கடைசியில் கலந்து இறக்குவது இங்கே வழக்கம். ஆனால் கீமோ ஊசி போட்டு 7 முதல் 14 நாள் வரை வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்திருக்கும், அந்த நாட்களில் கொதிக்காத இலை கிருமியைத்தான் கொண்டுவரும். வயிற்றோட்டம் இருந்தால் சக்கையை வடித்து விடுங்கள். வாய்ப்புண் இருந்தால் மிளகும் புளியும் வேண்டாம், ஆறவைத்துக் கொடுங்கள். ஒரே மூச்சில் பெரிய கோப்பை குடித்தால் வயிறு நிரம்பி மத்தியானச் சாப்பாடு போய்விடும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அரைக் கோப்பை போதும். குமட்டல் இருப்பவர்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி நல்லது. பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் கலம்) குறைந்த நாளில் அளவாகக் குடியுங்கள்.

புரதம் மட்டும் போனால் தசையாகாது, வேலை கொடுக்க வேண்டும். சுவரோடு நாற்காலியைப் போட்டு, முடிந்தால் கையூன்றாமல் பத்துத் தடவை எழும்பி உட்கார வேண்டும். சற்று ஓய்ந்து இன்னொரு சுற்று; ஒன்றுவிட்ட ஒருநாள். தண்ணீர் நிரப்பிய ஒரு லீற்றர் போத்தலைக் கையில் பிடித்துத் தூக்கலாம். தலைச்சுற்றும் நாளில் விட்டுவிடுங்கள். எலும்புக்கு நோய் பரவியவர்கள் கேட்காமல் தொடங்கக் கூடாது.

எடைத் தராசை மட்டும் நம்பாதீர்கள். கால் வீங்கினால் எடை ஏறும், தசை இறங்கிக்கொண்டிருக்கும். தையல் நாடாவால் கெண்டைக்காலின் தடித்த இடத்தை இரண்டு கிழமைக்கு ஒருமுறை அளந்து கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பெருவிரலால் அழுத்தக் குழி விழும் காலில் இந்த அளவு சரிவராது.

சித்த வைத்தியர்களிடம் எங்கள் வேண்டுகோள்: கொடுக்கும் சரக்கின் பெயரையும் அளவையும் தாளில் எழுதிக் கொடுங்கள். உலோகம், கனிமங்களைப் புடம்போட்டுச் செய்யும் செந்தூரம், பற்பம் சேர்த்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். வீட்டார் அந்தத் தாளையும் சூரணப் பொதியையும் அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டட்டும். காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், இரவானாலும், கசாயம் காய்ச்சிக்கொண்டிராமல் நேரே ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பராமரிப்பில் உள்ள உணவியலாளர்களும் இயன்மருத்துவர்களும்,
மட்டக்களப்பு.