எங்கள் ஊர்க் கும்மிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

ஆடி மாத மாரியம்மன் திருவிழாவில் மாவிளக்கு எடுத்து முடிந்த கையோடு, கோயில் வாசலில் பெண்கள் வட்டம் கட்டிக் கும்மி அடித்ததைப் பார்த்திருப்பீர்கள். காவேரிப்பட்டணத்திலிருந்துகூட ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். அது நடக்க உதவியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மைக் செட் அண்ணனுக்கு. கும்மிக்கு மேளம் வேண்டாம், வாத்தியம் வேண்டாம். கைத்தட்டும் வாய்ப்பாட்டும் போதும். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதை வாங்கிப் பாட வேண்டும். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடினால் முன்பாட்டே காதில் விழாது. எங்கள் ஊரில் கும்மி தேய்ந்துபோனதற்கு அதுதான் பெரிய காரணம் என்பேன். கும்மி முடியும்வரை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டோம். மறுபேச்சே இல்லாமல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். நன்றி அண்ணா!

அப்புறம், முன்பாட்டுப் பாடிய ஆயா. மாரியம்மன் பாட்டு, மழைப் பாட்டு, நடவுப் பாட்டு என்று எல்லாமே அவருக்கு மனப்பாடம். பழகும்போது பிள்ளைகள் விரல்நுனியால் தட்டினார்கள், சத்தமே எழவில்லை. ஆயா ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து, "உள்ளங்கையைக் குழிச்சுத் தட்டு கண்ணு. குனியும்போது ஒண்ணு, நிமிரும்போது ஒண்ணு" என்று காலடியோடு சேர்த்துக் காட்டினார். அதற்குப் பிறகு எழுந்த ஓசையே வேறு. ஆயா, உங்கள் தொண்டைக்கும் பொறுமைக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

பழக இடம் தேடியபோது, ராகி அடிக்கும் களத்தைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்த சித்தப்பா, சித்திக்கு நன்றி. ஓசூர் கம்பெனியில் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்த பெண்களுக்கும், அவர்கள் வரும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட மாமியார்களுக்கும் நன்றி. தெலுங்கு பேசும் தெருவிலிருந்து வந்த அக்காமார்கள் தங்கள் பாட்டையும் சேர்த்துப் பாடியதில் வட்டம் இன்னும் பெரிதானது.

கோவை, ஈரோடு பக்கம் வள்ளி கும்மிக்கு ஆசிரியர் வைத்துப் பழக்கி, ஊர் ஊராக ஆடுகிறார்கள். நம் பக்கத்துப் பாட்டுகளோ பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. ஆயா பாடுவதைப் பிள்ளைகள் நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது பழைய கும்மிப் பாட்டு தெரிந்தால், நான்கு வரியானாலும் சரி, கோயிலுக்கு வரும்போது சொல்லுங்கள். அதையும் எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கும்மி அடித்த பெண்கள் சார்பாக