கடலையும் பாறையையும் படிக்கத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இந்த மாத இறுதியில் பணி ஓய்வு பெறுகிறேன். கடல்நீர், ஆற்று வண்டல், பாறை ஆகியவற்றின் வேதியியல்தான் இத்தனை ஆண்டுகளாக என் தொழில். என் ஆய்வுக் கட்டுரைகளில் உடன் பெயர் பதித்தவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். அச்சில் பெயர் வராதவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு என் முகவரி தெரியாது, சிலருடைய முகவரி எனக்குத் தெரியாது. அதனால் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் வணக்கம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் வேலை செய்த அண்ணன்மாருக்கு. கல்லங்குறிச்சிப் பகுதிப் பாறையில் சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. வெளியே வெயிலிலும் மழையிலும் கிடந்த சிப்பி எனக்குப் பயன்படாது. மழைநீர் அதன் வேதியியலை மாற்றியிருக்கும். அன்று புதிதாக வெட்டிய முகப்பிலிருந்து, உடையாமல், தடித்த ஓட்டுடன் எடுத்தது வேண்டும். இதை ஒரு முறைதான் சொன்னேன். அடுத்த முறை போனபோது, எந்த முகப்பில் எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று சுண்ணக்கட்டியால் குறியிட்டு, சாக்கில் வைக்கோல் போட்டுப் பொதிந்து வைத்திருந்தார்கள். கூலி கேட்கவில்லை, கொடுத்தபோதும் வாங்கவில்லை. தேநீர் வாங்கித் தந்து அனுப்பினார்கள்.

ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தில் எடை வேறுபட்ட அணு வகைகள் உண்டு. அந்தச் சிப்பிகளின் ஓட்டில் ஸ்ட்ரான்சியம் 87, ஸ்ட்ரான்சியம் 86 என்ற இரு வகைகளுக்கும் இடையே உள்ள விகிதம் 0.7078க்கு அருகில் இருக்கிறது. இன்றைய கடல்நீரில் அது 0.7092. ஸ்ட்ரான்சியம் கடலில் பல லட்சம் ஆண்டுகள் தங்கிக் கலப்பதால், இராமேசுவரத்தில் அள்ளினாலும் நார்வேயில் அள்ளினாலும் இந்த எண் மாறுவதில்லை. மூன்றாம் தசம இடத்தில் இருக்கும் இந்தச் சிறு உயர்வுக்குப் பின்னால் மலைகள் எழுந்து கரைந்த வரலாறு இருக்கிறது. பழைய கண்டப் பாறைகளைக் கரைத்து வரும் ஆறுகள் விகிதத்தைக் கூட்டுகின்றன. கடலடி எரிமலை முகடுகள் குறைக்கின்றன. உயர்வில் இமயமலைக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்விதான் என்னை ஆய்வுக்குள் இழுத்தது. கங்கை, பிரம்மபுத்திரா நீரில் ஸ்ட்ரான்சியத்தை அளந்து எஸ். கிருஷ்ணசுவாமி குழுவினர் 1992இல் வெளியிட்ட கட்டுரையை நான் தாள் தேயத் தேயப் படித்தேன் என்றே சொல்ல வேண்டும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் தேவேந்திர லால் வளர்த்த மரபு அது. அந்த மரபு இல்லாதிருந்தால் இந்தத் துறையில் கற்றுக்கொள்ள எங்களைப் போன்றவர்கள் வெளிநாட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

ஆற்றில் மாதிரி எடுப்பதை ஒரு குடம் தண்ணீர் மொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன. அதில் மிகப்பெரும் பகுதி மழைக்கால வெள்ளத்தில் போவது. கோடையில் எடுக்கும் மாதிரி ஆண்டுக் கணக்கைச் சொல்லாது. வெள்ளத்தில்தான் போக வேண்டும். அதிலும் மேலே ஓடும் நீரில் களிமண்ணும் மைக்காவும் மிகுதி, அடியில் குவார்ட்ஸ் மணல் மிகுதி. மேலே மட்டும் அள்ளினால் கிடைக்கும் விடை வேறு, அடிவரை அள்ளினால் கிடைக்கும் விடை வேறு. ஆகவே நடுவெள்ளத்தில் படகை நிறுத்தி, எடைகட்டிய கலனை ஒவ்வோர் ஆழத்துக்கும் இறக்க வேண்டும்.

அந்தப் படகை நிறுத்தியவர் கங்கைக் கரையில் உள்ள ராஜ்மஹலில் ஒரு முதியவர். நான் அவரை ‘பாபா’ என்பேன். நங்கூரம் அந்த வெள்ளத்தில் பிடிக்காது. எஞ்சினை நீரோட்டத்துக்கு எதிராக ஓட்டி, கரையில் ஒரு மரத்தையும் கோபுரம் ஒன்றையும் கண்ணால் நேர்கோட்டில் பிடித்துக்கொண்டு, நகராமல் நின்றார். கயிறு சாய்ந்தால் ஆழக் கணக்கு பொய்யாகும். அவர் அதைப் புரிந்துகொண்டு, கயிறு செங்குத்தாகத் தொங்கும்படி எஞ்சின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினார். அவர் பேசிய மொழியில் எனக்குப் பத்துச் சொற்கள் தெரியும். என் தமிழ் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. என்னை ‘பேட்டி’, அதாவது மகள், என்றழைப்பார். என் கங்கை வண்டல் அளவீடுகளின் துல்லியம் என்று எதையாவது யாராவது பாராட்டினால், அதில் பாதி பாபாவுக்குச் சேர வேண்டும்.

கடலுக்குப் போகப் பெண்களுக்கு வழி திறந்தவர்களையும் மறக்க முடியாது. 1983இல் அண்டார்டிகா சென்ற மூன்றாவது இந்தியக் குழுவில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதிதி பந்த் கடலாய்வாளர், சுதீப்தா சென்குப்தா பாறைகளை ஆய்ந்தவர். கடலும் பாறையுமாக அந்த இரண்டு பெயர்களையும் நான் மாணவியாக இருந்தபோது நாளிதழில் படித்தேன். அவர்கள் போய்வந்த பிறகும், பெண்ணுக்குத் தனி அறை இல்லை என்ற காரணம் காட்டி ஒரு பயணப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கினார்கள். அப்போது தலைமை விஞ்ஞானி தம் அறையைக் காலி செய்துகொடுத்து, இளைஞர்களோடு பொது அறையில் படுத்துக்கொண்டார். ஐயா, நீங்கள் இன்று இல்லை. உங்கள் குடும்பத்தார் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆய்வுக் கப்பல்களில் கம்பியை இறக்கி ஏற்றும் வின்ச் என்ற பொறியின் இயக்குநர்களுக்கு என் நன்றியை எப்படி அளப்பது? வங்கக்கடலில் 3,000 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் வண்டல் தண்டு, அதாவது கடலடி வண்டலின் நீண்ட உருளை, எடுக்கக் குழாயை இறக்குவதற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். அது அடியைத் தொட்டது கண்ணுக்குத் தெரியாது. கம்பியின் இழுவிசை காட்டும் முள் சட்டென்று இறங்குவதுதான் ஒரே அடையாளம். கப்பல் அலையில் ஆடும்போது அந்த முள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். எது அலை, எது தரை என்று அந்த நொடியில் பிரித்தறிந்து நிறுத்த வேண்டும். தாமதித்தால் கம்பி தளர்ந்து முறுக்கிக்கொள்ளும். பின்னிரவு இரண்டு மணிக்கு, மழையில், அப்படி நிறுத்திய கைகளை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இனி ஆய்வகத்தில் எங்கள் சகோதரி. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், மதிக்கிறேன். ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து, டெஃப்லான் குவளைகளைச் சூடான நைட்ரிக் அமிலத்தில் நாள்கணக்கில் ஊறவைத்து, தூய நீரில் மறுபடி மறுபடி அலசி, வடிகட்டிய காற்றின் கீழ் உலர்த்துவது அவர் பணி. பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் நிறுவிய கிளேர் பேட்டர்சன், தம் அளவீடுகளில் நுழைந்த மாசுக் காரீயத்தைத் துரத்தப் போய்த்தான் உலகக் காற்றிலும் கடலிலும் கலந்திருந்த காரீயத்தைக் கண்டுபிடித்தார். தூய்மை எங்கள் துறையில் அவ்வளவு பெரிய விஷயம். நியோடிமியம் என்ற தனிமத்தைச் சில நானோகிராம், அதாவது கிராமில் நூறு கோடியில் சில பங்கு, அளக்கும்போது, ஒரு விரல் தொட்ட தடம் போதும் விடையைக் கெடுக்க.

மாதிரிகளின் ஒவ்வொரு தொகுதியோடும் மாதிரி இல்லாத ஒரு வெற்றுக் குவளையும் எல்லாப் படிகளையும் கடந்து கருவிக்குள் போகும். அதில் எதுவும் இல்லை என்று வந்தால்தான் மற்றவற்றை நம்பலாம். எங்கள் கட்டுரைகளில் “வெற்று அளவு புறக்கணிக்கத்தக்கது” என்று ஒரே ஒரு வரி வரும். படிப்பவர்கள் கண்ணில் படாமல் தாண்டிப் போகும் வரி. அது முழுக்க அவருடைய உழைப்பு. அமில ஆவியில் முகமூடியோடு நின்ற அந்த ஆண்டுகளுக்கு ஈடாக நான் தரக்கூடியது எதுவும் இல்லை, சகோதரி.

நான் கடலில் இருந்த மாதங்களில் என் மகளை வளர்த்த என் மாமியாருக்கும், பள்ளிக் கூட்டங்களுக்குத் தவறாமல் போய்வந்த என் கணவருக்கும் வீட்டில் தினமும் நன்றி சொல்கிறேன். இங்கேயும் ஒரு முறை.

அடுத்த மழைக்காலப் பயணத்தை என் மாணவி நடத்துகிறார். ராஜ்மஹல், பாட்னா படகுத்துறை நண்பர்களே, கப்பல் தோழர்களே, எனக்குச் செய்ததை அவருக்கும் செய்யுங்கள். அரைத்த பாறைத்தூளும் வண்டல் தண்டுகளில் மிஞ்சிய பாதிகளும் எங்கள் கிடங்கில் பட்டியலிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. வேண்டும் என்று கேட்கும் எந்த மாணவருக்கும் தருவதாகத் துறையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நன்றியுடன்,
உங்கள் அன்புத் தங்கை