தேர்தல் செய்திகளில் இன, பால்நிலைப் பாகுபாடு: வழிகாட்டல் கோரும் மனு

உதவித் தேர்தல் ஆணையாளர் அவர்கள்,
மாவட்டத் தேர்தல் அலுவலகம்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா,

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் இம்மாவட்டத்தில் வட்டார வேட்பாளராக நின்றவள் நான். பேட்டிக்கு வந்த இணையச் செய்திக்காரர்கள் பக்கத்து வட்டார ஆண் வேட்பாளரிடம் வீதியையும் குப்பையையும் பற்றிக் கேட்டார்கள். என்னிடம் கேட்டது, "வீட்டுக்காரர் சம்மதிச்சவரோ? பிள்ளையளை ஆர் பார்க்கிறது?" வடிகான் பற்றி நான் பேசியதெல்லாம் வெட்டுப்பட்டது. கணவரைப் பற்றிச் சொன்ன அரை நிமிடம்தான் வெளிவந்தது. தலைப்பிலும் என் பெயர் இல்லை, 'இன்னாரின் மனைவி' என்றிருந்தது.

2018 தேர்தலில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வருமுன் உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இரண்டு பெண்கள்கூட இருக்கவில்லை. இப்போது வட்டாரத்தில் வெல்லாமல் கட்சிப் பட்டியலால் வரும் பெண்ணுக்குக் 'கோட்டா மெம்பர்' என்று பட்டம். அதே பட்டியலால் வரும் ஆணை யாரும் அப்படி அழைப்பதில்லை.

இனக் கணக்கு இன்னொரு தொல்லை. மூதூர், கிண்ணியா என்றால் முஸ்லிம் வாக்கு, சேருவில என்றால் சிங்கள வாக்கு, பட்டினம் என்றால் தமிழ் வாக்கு. குடிதண்ணீரும் காணியும் கடற்றொழிலும் அந்தக் கூட்டலுக்குள் வருவதேயில்லை. எங்கள் தமிழ் ஊடகங்களும் இதில் சுத்தமில்லை. மூதூர்ப் பக்கத்துச் சகோதரி ஒருவர் பஸ் சேவை கேட்டுப் பிரசாரம் செய்தார். செய்தியானது அவருடைய அபாயா.

அரசியலமைப்பின் 104ஆ(5) உறுப்புரை, சுதந்திரமும் நீதியுமான தேர்தலுக்காக ஒலி, ஒளிபரப்பு நிலையங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் வழிகாட்டல் வழங்கத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் தருகிறது. இணையப் பக்கங்கள் அந்த வரியில் இல்லை. எங்களுக்கு அடி விழுவதோ அங்கேதான்.

கிழக்கு மாகாண சபைக்கு 2012க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. அது அறிவிக்கப்படுமுன், வேட்பாளரின் குடும்பம், உடை, இனம் பற்றி எப்படி எழுதுவது என்பதை வழிகாட்டலில் வெளிப்படையாகச் சேர்க்குமாறு ஆணைக்குழுவுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். அதன் தமிழ்ப் பிரதி மாவட்டச் செய்தியாளர் ஒவ்வொருவர் கைக்கும் போகவேண்டும். இணையச் செய்திக்காரர்களுக்கு ஊடக அனுமதி அட்டை கொடுக்கும்போதே கையொப்பம் வாங்கிக்கொள்ளலாம். இத்தகைய முறைப்பாடுகளைத் தனியாகப் பதிந்தால் எத்தனை என்றாவது தெரியவரும். யாருடைய வாயையும் கட்டச் சொல்லவில்லை. ஆணிடம் கேட்கும் கேள்வியை எங்களிடமும் கேட்கட்டும்.

அந்தப் பேட்டியின் பதிவும் 14 வாக்காளர்களின் கையொப்பமும் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
வட்டார வேட்பாளர் (2025)
திருகோணமலை