அம்மா சாப்பிட்ட டோனட்

ஆசிரியருக்கு,

வணக்கம். புலம்பெயர்ந்தோரின் உணவுப் பழக்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ‘வீகன்’ என்பதை, அதாவது பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாத பழக்கத்தை, வெள்ளையரின் புதுமோகம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். லண்டனுக்கு வந்து முப்பது ஆண்டுகளாகியும் மச்சம், அதாவது மீன், இறைச்சி, தொடாதவர். முட்டையும் அவருக்கு மச்சம்தான். பால், தயிர், நெய் எல்லாம் உண்டு. இந்நாட்டிலோ ‘வெஜிடேரியன்’ என்று எழுதிய பண்டத்திலும் முட்டை இருக்கலாம். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போதெல்லாம் அம்மா ஒரு வாழைப்பழத்தோடு ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார். பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்துகளை வாசித்துச் சொல்வது என் வேலை. நான் வாசித்து முடிக்கும் முன்பே அவர் கையை எடுத்துவிடுவார்.

2022 ஜனவரியில் கிறிஸ்பி கிரீம் நிறுவனம், சீனிப்பாகு பூசிய தன் புகழ்பெற்ற டோனட்டைப் பாலும் முட்டையும் சேர்க்காமல் பிரித்தானியாவில் விற்கத் தொடங்கியது. 1937-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்து, 2003-இல் லண்டன் ஹாரட்ஸ் கடைவழியாக இங்கு வந்த நிறுவனம் அது. ஒரு பெட்டி வாங்கிவந்தேன். மேலே கண்ணாடிபோல் மெல்லிய பாகு, கடித்ததும் நொறுங்கியது, உள்ளே பஞ்சு. முட்டை இல்லாத குறை எங்கள் நாக்குக்குத் தெரியவேயில்லை. மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட்தானே! அம்மா பாதியைப் பிய்த்துச் சாப்பிட்டார், விரலைத் துடைத்தார், பிறகு மீதியையும் எடுத்துக்கொண்டார். ஊரில் தேநீர்க் கடை வாய்ப்பன் நினைவுக்கு வருகிறது என்றார்.

உண்மைதான். கோதுமை மா, கனிந்த வாழைப்பழம், சீனி, பொரிக்க எண்ணெய்: வாய்ப்பனுக்கு வேறு என்ன வேண்டும்? 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் ‘வீகன்’ என்ற சொல்லை உருவாக்கினார்கள். அம்மா வீகன் அல்லர், பால் தேநீர் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. ஆனாலும் அந்த ஒரு சொல் பெட்டிமேல் இருந்ததால், யாரையும் கேட்காமல் அவரே கைநீட்டி எடுத்தார். அதைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பால், முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு ‘வீகன்’ என்ற சொல்லை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள். ஒரே இடத்தில் எல்லா வகையும் செய்யும்போது சிறிதளவு கலக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வாமைக் குறிப்பைக் கட்டாயம் வாசியுங்கள்.

நம் தமிழ்க் கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடிப் பெட்டியில் ‘மரக்கறி ரோல்ஸ்’ என்று எழுதி வைக்கிறீர்கள். அதை முட்டையில் தோய்த்துத்தான் ரஸ்க் தூளில் புரட்டினீர்களா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எங்கிருந்தோ வந்த டோனட் கடை செய்ததை, அம்மாவின் ஊர்க்காரர்கள் செய்யக் கூடாதா? முட்டைக்குப் பதில் கோதுமை மாவை நீர்க்கக் கரைத்துத் தோய்த்தாலும் தூள் நன்றாகவே ஒட்டும். எங்கள் வீட்டில் நான் அப்படித்தான் செய்கிறேன், அம்மா ஒரே இருப்பில் மூன்று சாப்பிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹரோ, லண்டன்