லைஃப் சிமுலேஷன் கேமுக்கு ஏற்றது என்று விற்கப்பட்ட கேமிங் லேப்டாப் குறித்த புகார்

பெறுநர்:
தலைவர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: உங்கள் இணையதளத்தின் தேர்வு வழிகாட்டி தவறான தகுதியைக் காட்டி விற்ற கேமிங் லேப்டாப்பை மாற்றித் தரவோ, தொகையைத் திருப்பித் தரவோ கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 'எந்த கேமுக்கு எந்த லேப்டாப்' என்று உங்கள் இணையதளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் லைஃப் சிமுலேஷன், அதாவது பாத்திரங்களின் அன்றாட வாழ்க்கையை நடத்தி விளையாடும் வகையைத் தேர்ந்தெடுத்தால் சிம்ஸ் 4, இன்ஸோய் ஆகிய இரண்டு கேம்களுக்கும் ஒரே லேப்டாப் வருகிறது; இரண்டுக்கும் எதிரே 'பரிந்துரை அளவை மிஞ்சும்' என்று பச்சை முத்திரை. அந்த முத்திரையைப் பார்த்து வாங்கிய லேப்டாப் பற்றியதுதான் இந்தப் புகார். அதில் எந்தப் பாகமும் பழுதில்லை. உங்கள் சர்வீஸ் சென்டரே சோதித்து 'குறை எதுவும் இல்லை' என்று எழுதித் தந்துவிட்டது. அந்தச் சான்றை நானும் ஏற்கிறேன். நீங்கள் அமைத்த விதத்தில் அது ஒழுங்காகவே ஓடுகிறது. ஆனால் அந்த அமைப்பை வைத்துக்கொண்டு அந்த முத்திரையைக் குத்தியிருக்க முடியாது.

முதலில் கிராஃபிக்ஸ். இன்ஸோய் 2025 மார்ச்சில் முன்னோட்ட வெளியீடாக வந்தபோதே தன் தேவைகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குறைந்தபட்சம் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2060 கிராஃபிக்ஸ் கார்டு, 6 ஜிபி வீடியோ மெமரி (கார்டின் சொந்த மெமரி), 12 ஜிபி ரேம். பரிந்துரை ஆர்டிஎக்ஸ் 3070, 8 ஜிபி வீடியோ மெமரி, 16 ஜிபி ரேம். நீங்கள் அனுப்பிய லேப்டாப்பில் இருப்பது ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்). வீடியோ மெமரி 6 ஜிபி. அதாவது மெமரி கணக்கில் இது குறைந்தபட்ச வரம்பின் விளிம்பில் நிற்கிறது. 3070-ஐ விட 4050 பெரிய எண் என்பதைத் தவிர, 'மிஞ்சும்' என்ற சொல்லுக்கு என்ன ஆதாரம் என்று எனக்குப் புரியவில்லை. கேம் கேட்பது டெஸ்க்டாப் 3070. அதன் மெமரி பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதை) 256 பிட், விநாடிக்கு 448 ஜிபி கடத்தும். 4050 லேப்டாப் சிப்பின் பஸ் 96 பிட், கடத்துவது 192 ஜிபி. தலைமுறை புதிது என்பதால் இந்த இடைவெளி மறைந்துவிடாது.

வேறு வகை கேமாக இருந்தால் 6 ஜிபியை வைத்து ஒப்பேற்றிவிடலாம். லைஃப் சிமுலேஷனில் அது நடக்காததற்குக் காரணம் இருக்கிறது. சுடும் கேம்களில் ஒரே சுவர், ஒரே பெட்டி, ஒரே சீருடை என்று திரும்பத் திரும்ப வரும்; ஒரு டெக்ஸ்சரை (பரப்பின் மேல் ஒட்டும் படத்தை) ஏற்றினால் நூறு இடத்தில் பயன்படும். இங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி முடி, தனி உடை, தனித் தோல். ஒவ்வொரு அறைக்கும் விளையாடுபவர் தேர்ந்தெடுத்த தரை, திரைச்சீலை, நாற்காலி. வீடு கட்டும் மோடில் கேமராவை மேலே தூக்கினால் இவை எல்லாம் ஒரே சமயத்தில் கண்முன் வந்து நிற்கும். 6 ஜிபி நிறைந்ததும் மீதி, கிராஃபிக்ஸ் சிப்பை மற்ற பாகங்களோடு இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாக லேப்டாப்பின் சாதாரண ரேமுக்கு வழிகிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் ஜிபியு-வைத் திறந்து, 'ஷேர்டு ஜிபியு மெமரி' வரைபடத்தைப் பாருங்கள். டெடிகேட்டட் மெமரி உச்சத்தில் தட்டி நிற்க, ஷேர்டு மெமரி ஏறத் தொடங்கும் அதே நொடியில் கேமரா திரும்பும்போதெல்லாம் படம் விக்கும். இணைத்துள்ள பதிவில் இது தெளிவாகத் தெரிகிறது. இன்ஸோயில் பாத்திரங்களைத் தாமே யோசிக்க வைக்கும் ஸ்மார்ட் ஸோய் வசதியை இயக்கினால் நிலைமை இன்னும் மோசம்: அதற்கான சிறிய மொழி மாடல் லேப்டாப்பின் ஜிபியு-விலேயே ஓடுவதால் அதுவும் இதே 6 ஜிபியில்தான் இடம் பிடிக்க வேண்டும்.

இப்படி வழிந்து வருவதை ஏந்திக்கொள்ள வேண்டிய ரேமின் நிலை என்ன? விளம்பரத்தில் '16 ஜிபி டிடிஆர்5' என்று மட்டும் இருந்தது. உள்ளே இருப்பது ஒரே ஒரு 16 ஜிபி ஸ்டிக்; பக்கத்து ஸ்லாட் காலி. டாஸ்க் மேனேஜரே 'ஸ்லாட் பயன்பாடு: 2-ல் 1' என்று காட்டுகிறது. 5200 வேகத்தில் ஒரு ஸ்டிக் விநாடிக்கு 41.6 ஜிபி கடத்தும். இரண்டு போட்டால் 83.2. வீடியோ மெமரி போதாமல் வழிகிற கேமுக்கு அந்தப் பாதையையும் பாதியாகக் குறுக்கி வைத்திருப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பிராசசருக்கும் இதே பாதைதான். ஆக, இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு காத்திருக்கின்றன.

இதைச் சுட்டிக்காட்டியபோது உங்கள் தொழில்நுட்பப் பிரிவு வன்பொருள் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளின் திரையில் '2 × 32 பிட்' என்று வருவதைக் காட்டி 'டூயல் சேனல்தான் (இரண்டு மெமரிப் பாதைகளும்) ஓடுகிறது' என்று பதில் அனுப்பியது. டிடிஆர்5-ல் ஒவ்வொரு ஸ்டிக்கும் தனக்குள்ளேயே இரண்டு 32 பிட் துணைச் சேனல்களாகப் பிரிந்திருக்கும். எனவே ஒற்றை ஸ்டிக் போட்டாலே '2 × 32' என்று வரும். இரண்டு ஸ்டிக் இருந்தால்தான் '4 × 32' வரும். கேமிங் லேப்டாப் விற்கும் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கு இதை வாடிக்கையாளர் எழுதிச் சொல்ல வேண்டியிருப்பது சங்கடமாகத்தான் இருக்கிறது.

அடுத்து, நீங்கள் எங்கேயும் குறிப்பிடாமல் விட்ட ஓர் எண்: வாட். 4050 லேப்டாப் சிப்புக்கு என்விடியா வகுத்திருக்கும் வரம்பு 35 முதல் 115 வாட் வரை. எந்த வாட்டில் பூட்டுவது என்பது லேப்டாப் தயாரிப்பாளரின் முடிவு. பெயர் ஒன்றே, 50 வாட்டில் ஓடுவதும் 100 வாட்டில் ஓடுவதும் செயலில் வெவ்வேறு கார்டுகள். இதனால்தான் ஒவ்வொரு லேப்டாப்பின் ஜிபியு வாட்டையும் கடிகார வேகத்தையும் பொருள் பக்கத்தில் காட்டும்படி 2021 தொடக்கத்திலேயே என்விடியா தயாரிப்பாளர்களிடம் சொன்னது. உங்கள் பக்கத்தில், பெட்டியில், கையேட்டில் எதிலும் அது இல்லை. என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியைத் திறந்து பார்த்தபோதுதான் அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர் 50 வாட் என்று தெரிந்தது. மெல்லிய உடலுக்காக 50 வாட் வைத்தீர்கள் என்றால் அதில் குற்றமில்லை, அப்படியும் விரும்பி வாங்குவோர் உண்டு. அதைச் சொல்லாமல் விற்றதுதான் குற்றம்.

சிம்ஸ் 4 விஷயத்துக்கு வருகிறேன். அது 2014-ல் வந்த கேம். கிராஃபிக்ஸ் கார்டை அவ்வளவாக வாட்டாது. அதை அழுத்துவது வேறு. ஒவ்வொரு சிம்மும் தன் பசி, தூக்கம், சுத்தம், பொழுதுபோக்கு முதலியவற்றை எடை போட்டு, மனையில் இருக்கும் பொருட்களையும் ஆட்களையும் அலசி, அடுத்து என்ன செய்வது என்று தானே முடிவெடுக்கிறது. அந்தத் தர்க்கம் பைத்தான் நிரல்களில் எழுதப்பட்டது. எனவே பிராசசரில் எத்தனை கோர் இருந்தாலும் சுமையின் பெரும்பகுதி ஒரே கோரின் தலையில் விழும். எட்டுப் பேர் குடும்பம், பொருட்கள் நிறைந்த வீடு, மூன்றாம் வேகம் என்று வைத்தால் அந்த ஒரு கோர் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதே கேமின் ஓட்டத்தைத் தீர்மானிக்கும். தாங்காவிட்டால் படம் 60 ஃப்ரேமில் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் சிம்கள் சிலையாக நிற்பார்கள்; கொடுத்த வேலையைக் கேம் நேரத்தில் அரை மணி கழித்துத் தொடங்குவார்கள். விளையாடுபவர்கள் சிமுலேஷன் லாக் என்று சொல்வது இதைத்தான்.

உங்கள் லேப்டாப்பில் இருப்பது கோர் ஐ5-13420எச். இன்டெல் கொடுத்திருக்கும் அடிப்படை பவர் 45 வாட். உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ். காகிதத்தில் போதுமான சிப். ஆனால் சிபியு-வும் (பிராசசர்) ஜிபியு-வும் ஒரே ஹீட் பைப்பைப் பகிர்வதால் கேம் தொடங்கிச் சிறிது நேரத்தில் சிபியு 100 டிகிரியைத் தொடுகிறது. உடனே நீங்கள் லேப்டாப்பில் பதித்த ஃபர்ம்வேர் (உள்மென்பொருள்) நீண்டநேரப் பவர் வரம்பை 20 வாட்டுக்கு இறக்குகிறது. கோரின் வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் விழுந்து அங்கேயே தங்கிவிடுகிறது. ஃபேன் வேகத்தை ஏற்றும் 'டர்போ' பட்டனை அழுத்தினாலும் வரம்பு திரும்ப உயர்வதில்லை, சத்தம்தான் உயர்கிறது. பத்து நிமிட பெஞ்ச்மார்க்கில் இது தெரியாது. லைஃப் சிமுலேஷன் விளையாடுபவர்கள் மணிக்கணக்கில் உட்காருவார்கள் என்பது இந்த வகைக்கென்றே தனி வழிகாட்டி வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததா?

இதற்கு உங்கள் பிரிவு சொன்ன தீர்வு 'கிராஃபிக்ஸ் செட்டிங்கைக் குறையுங்கள்' என்பது. சிமுலேஷன் லாக்குக்கு இது மருந்தே இல்லை. கிராஃபிக்ஸைக் குறைத்தால் ஃப்ரேம் எண்ணிக்கை ஏறும். ஒவ்வொரு ஃப்ரேமையும் தயார் செய்து தர வேண்டியது அதே சிபியு என்பதால் அதன் வேலை கூடும். செய்ய வேண்டியது நேர்மாறு: கண்ட்ரோல் பேனலில் அதிகபட்ச ஃப்ரேமை 60-ல் பூட்டி ஜிபியு சூட்டைக் குறைப்பது. அதைச் செய்துவிட்டுத்தான் இந்த அளவீடுகளை எடுத்திருக்கிறேன். 'மாட்' கோப்புகள் (விளையாடுபவர்கள் கேமில் கூடுதலாகச் சேர்ப்பவை) காரணமாக இருக்கலாம் என்ற உங்கள் சந்தேகத்துக்கும் பதில் உண்டு: மாட்ஸ் ஃபோல்டரை முழுதாக வெளியே நகர்த்தி, கேமின் தற்காலிகச் சேமிப்பான லோக்கல்தம்ப்கேஷ் கோப்பை அழித்து, புதிய சேவ் ஒன்றில் திரும்ப எடுத்த பதிவும் இணைப்பில் உள்ளது. சரிவு அப்படியே இருக்கிறது.

'மக்ஸ் ஸ்விட்ச் உண்டு' என்று, அதாவது திரையை நேராக என்விடியா சிப்போடு இணைக்கும் மாற்றி இருப்பதாக, விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். பயாஸில் அப்படி ஒரு தேர்வே இல்லை. டிஸ்ப்ளே எப்போதும் இன்டெல் கிராஃபிக்ஸ் வழியாகவே போகிறது. முதல்முறை திறந்தபோது சிம்ஸ் 4 என்விடியா சிப்பைத் தொடாமல் இன்டெல் கிராஃபிக்ஸிலேயே ஓடியது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் கேமின் இயங்கு கோப்பைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுத்த பிறகே மாறியது. இந்த ஒரு வரி உங்கள் கையேட்டில் இருந்தால் பலருக்கு உதவும். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் போகும்படி அமைத்து அனுப்புவதையும் நிறுத்துங்கள். சிம்ஸ் 4 தன் சேவ் கோப்புகளை அங்கேதான் வைக்கிறது. எழுதும் நேரத்தில் ஒன்டிரைவ் கோப்பைப் பிடித்துக்கொண்டால் சேவ் தோற்கும்.

திரை பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. என்டிஎஸ்சி என்ற நிற அளவுகோலில் 45 சதவீதம் மட்டும் காட்டும் பேனல். கணினித் திரைகளின் பொது நிறத்தொகுப்பான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தெரியும். தோல் நிறத்தையும் சுவர் வண்ணத்தையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே விளையாட்டாக இருக்கும் ஒரு வகைக்கு இதைப் பரிந்துரைத்தது யார் என்று மட்டும் கேட்டு வைக்கிறேன்.

நான் கோருவது இவை. 8 ஜிபி வீடியோ மெமரியும் இரண்டு ஸ்டிக் ரேமும் கொண்ட, ஜிபியு வாட் எழுத்தில் உறுதி செய்யப்பட்ட மாடலாக மாற்றித் தர வேண்டும்; அப்படி ஒன்று உங்களிடம் இல்லையென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். காலி ஸ்லாட்டில் ரேம் போட்டுக்கொள்ளுங்கள் என்று சமாதானம் சொல்வதை ஏற்க மாட்டேன். அது சிபியு வரம்பையோ 6 ஜிபியையோ தொடாது. போதாக்குறைக்கு, கீழ்மூடியைத் திறந்தால் வாரன்டி போகும் என்று ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருக்கிறீர்கள். ரேமும் எஸ்எஸ்டியும் வாடிக்கையாளரே மாற்றக்கூடிய பாகங்கள் என்றால் அந்த ஸ்டிக்கரை எல்லா மாடல்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

தேர்வு வழிகாட்டியில் பச்சை முத்திரைக்குப் பதிலாக ஒவ்வொரு மாடலுக்கும் ஐந்து விவரங்களைப் போடுங்கள்: ஜிபியு எத்தனை வாட், வீடியோ மெமரி எவ்வளவு, ரேம் எத்தனை ஸ்டிக், இரண்டு சிப்பும் சேர்ந்து அரை மணி நேரம் ஓடிய பிறகு சிபியு தாங்கும் வாட், திரையின் எஸ்ஆர்ஜிபி சதவீதம். சிம்ஸ் 4-ஐயும் இன்ஸோயையும் ஒரே வரியில் வைக்காதீர்கள். முன்னது கேட்பது நிலையாக நிற்கும் ஒரு வேகமான கோர். பின்னது கேட்பது வீடியோ மெமரி. முன்னதுக்கு மட்டும் வாங்க வருபவரிடம் விலை கூடிய ஜிபியு-வைத் தள்ளவும் தேவையில்லை.

இணைப்பில் வெப்பம், வேகம், வாட் ஆகியவற்றை அளக்கும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளின் பதிவுக் கோப்பு, டாஸ்க் மேனேஜர் படங்கள், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் படம், வாங்கிய நாளன்று சேமித்த உங்கள் விற்பனைப் பக்கத்தின் நகல், சர்வீஸ் சென்டர் அறிக்கை, விலைச்சீட்டு நகல் ஆகியவை உள்ளன. விற்பனைப் பக்கத்தை இப்போது திருத்தினாலும் அந்த நகலை வைத்தே இந்தப் புகார் நிற்கும்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் எதிர்பார்க்கிறேன். தொலைபேசியில் வேண்டாம், அதில் சொல்லப்படும் எதுவும் பிறகு யாருக்கும் நினைவிருப்பதில்லை. பதில் வராவிட்டால் இதே ஆவணங்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்