அடுப்படிக் குழாய்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு அம்மிணிக்கு,

மாப்பிள்ளை அனுப்பின சமையலறைப் படம் பார்த்தேன். அடுப்புக்குப் பின்சுவரில் ஒரு குழாய் வேண்டும் என்று நீ கேட்டதற்கு, "அதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்" என்றாராம் மேஸ்திரி. நீ தயங்காமல் வை. பத்து லிட்டர் தண்ணீர் பத்து கிலோ, குண்டாவின் கனம் தனி. அதை சிங்க்கில் பிடித்து அடுப்பில் தூக்கி வைக்கிற வேலையை முழங்கை வலியோடு உன் மாமியார்தான் செய்கிறார்கள்.

முதலில் எந்தத் தண்ணீர் என்று முடிவு பண்ணு. வடவள்ளியில் உங்களுக்குச் சிறுவாணி வருகிறது, போரும் இருக்கிறது. பக்கத்தில் போகிறதே என்று பிளம்பர் போர் லைனில் இழுத்துவிடுவார். விடாதே. உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது, உனக்கே தெரியும். குழாய் மூக்கின் சல்லடையிலும் வெள்ளையாக உப்பு பூத்து, நாளாக ஆகத் தண்ணீர் நூலாக இறங்கும். மொட்டை மாடியில் நல்ல தண்ணி டேங்க்கிலிருந்து வருகிற லைனில்தான் இதைச் சேர்க்க வேண்டும்.

மடங்குகிற கை உள்ள குழாய்தான் உனக்குப் பிடித்திருக்கிறது. நல்லதுதான், வேலை முடிந்ததும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மாடி டேங்க்கிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு வேகம் கம்மி. பத்தடி உயரம் இருந்தாலும் 0.3 பார் அழுத்தம்தான் வரும். சில மாடல் இதற்கு மூன்று மடங்கு கேட்கும். கடையில் அழகைப் பார்க்காதே. எத்தனை பாரில் ஓடும் என்று அட்டைப்பெட்டியில் படித்துவிட்டு வாங்கு.

உயரத்துக்குப் பெரிய கணக்கு வேண்டாம். வீட்டிலேயே உயரமான பாத்திரத்தை, இட்லிக் குண்டாவோ பொங்கல் பானையோ, அடுப்பில் வைத்துப் பார். அதன் வாய்க்கு மேல் நாலு விரல் விட்டுக் குழாய் மூக்கு நிற்கட்டும். சிம்னி பிளக் பாயிண்ட்டுக்கு நேர் கீழே பைப் போகக் கூடாது.

சிங்க் குழாய் சொட்டினால் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். இது சொட்டினால் பர்னரில் விழும், நிரம்பினால் மேடை முழுக்க ஓடும். அதனால்தான் இதில் சுவரோரம் ஒன்று, மூக்கருகே ஒன்று என்று இரண்டு திருகு. தினமும் இரண்டையும் மூடப் பழகு. அதுபோக இந்த லைனுக்கு மட்டும் சிங்க்குக்குக் கீழே ஒரு வால்வு தனியாக வைக்கச் சொல், ஊருக்குக் கிளம்பும்போது அடைத்துவிடலாம். ஊரிலிருந்து வந்ததும் பைப்பில் தேங்கி நின்ற தண்ணீரைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பிறகு பிடி. வடை, அப்பளம் பொரிக்கிற நாளில் கையை மடக்கியே வை. காய்கிற எண்ணெயில் ஒரு சொட்டு விழுந்தாலும் தெறிக்கும், பாப்பா வேறு காலைச் சுற்றிக்கொண்டே இருப்பாள்.

சுவருக்குள் போகிற பைப் சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப்பாக இருக்கட்டும், சூடு தாங்கும். பசை நன்றாகக் காய்ந்த பிறகு, வாயை டம்மி போட்டு அடைத்து, கைப்பம்பில் அழுத்தம் ஏற்றி ராத்திரி முழுக்க விடச் சொல். காலையில் மீட்டர் முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பார்க்காமல் டைல்ஸ் ஒட்டிவிட்டால் பிறகு உடைத்துத்தான் தேட வேண்டும். எத்தனை வீட்டில் உடைத்திருக்கிறேன், எனக்குத் தெரியும் அந்தப் பாடு.

டைல்ஸ்காரர் எப்போது வருகிறார் என்று சொல்லு. முந்தின நாளே பஸ் ஏறி வந்துவிடுகிறேன், முள்ளை நானே பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா